திருப்பூர்–நொய்யல் நீர் மாசும் உணவுச் சிக்கலும்

திருப்பூர்–நொய்யல் நீர் மாசு என்பது, தமிழ்நாட்டின் திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் வெளியேற்றிய உப்புக் கழிவுநீரால் நொய்யல் ஆறும், அதன் கரையோர நிலத்தடி நீரும், அந்த நீரை நம்பிய விளைநிலங்களும் கெட்டுப்போனதைக் குறிக்கும். 1980-களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியதோடு இச்சிக்கலும் வளர்ந்தது. 1990-களில் அது கிணறுகளிலும் வயல்களிலும் வெளிப்பட்டது. நீண்ட வழக்குகளுக்குப் பின், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டையும் வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஒரு தொழில் நகரமே மாற வேண்டியிருந்தது என்பதால், உலக அளவில் பேசப்படும் சூழல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அறிவியல் புனைகதைகளில் அடிக்கடி வரும் ஒரு சூழல் உண்டு. தொலைதூரம் செல்லும் விண்கலத்தில் உள்ளவர்கள், தாங்கள் உண்ணும் உணவிலும் குடிக்கும் நீரிலும் ஏதோ சரியில்லை என்று ஒரு நாள் கண்டுகொள்கிறார்கள். வெளியே சென்று வேறு நீர் எடுத்துவர வழியில்லை. கெட்டது எது, எங்கிருந்து வந்தது, எப்படி நீக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் கலத்துக்குள்ளேயே விடை தேட வேண்டும். நொய்யல் கரை மக்கள் எதிர்கொண்டதும் ஏறக்குறைய இதே மூன்று கேள்விகளைத்தான்.

ஆறும் ஊரும்

நொய்யல், கோயம்புத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கிச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணைகளும், அவற்றிலிருந்து வாய்க்கால்கள் வழியே நிரம்பும் குளங்களும் கொங்கு நாட்டின் பழைய பாசன முறையைச் சேர்ந்தவை.

நொய்யல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. திருப்பூர் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. பருவமழையின்போது வெள்ளம் வரும். மற்ற மாதங்களில் மணல் தெரியும். இந்த இயல்பே பின்னாளில் சிக்கலைக் கூர்மையாக்கியது. நிறைய நீர் ஓடும் ஆற்றில் கழிவு கலந்தால் ஓரளவு நீர்த்துப்போகும். காய்ந்து கிடக்கும் ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கோ கலந்து நீர்த்துப்போக நல்ல நீர் கிடையாது. பல மாதங்களில் நொய்யலில் ஓடியதே கழிவுநீர்தான்.

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலேயே வேரூன்றியது. 1970-களின் இறுதி வரை பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன்களே தயாராயின. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளுக்கு வண்ணப் பின்னலாடைகள் செல்லத் தொடங்கியதும் நிலை மாறியது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். வண்ண ஆடைக்குச் சாயம் வேண்டும். நொய்யலின் இரு கரைகளிலும், ஓடைகளின் ஓரங்களிலும் சாயப்பட்டறைகள் பெருகின. பெரும்பாலானவை பிறர் தரும் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றித் தரும் சிறு பட்டறைகள். ஆடையின் விலையை வாங்குபவர் வெளிநாட்டிலிருந்து நிர்ணயிக்க, கழிவுநீருக்கான செலவு எந்தக் கணக்கிலும் ஏறாமல் ஆற்றில் இறங்கியது.

உப்பு எங்கிருந்து வந்தது

சாயக் கழிவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நிறம். ஆனால் நொய்யலில் அதிகம் கெடுதல் செய்தது நிறமன்று, உப்பு. இதைப் புரிந்துகொள்ளப் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படுபவை வினைச் சாயங்கள். 1956-ல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த இவை, பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொண்டு நிற்பதால் துவைத்தாலும் எளிதில் போவதில்லை. ஆனால் நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கும். சாய மூலக்கூறுகளுக்கும் எதிர் மின்னூட்டமே. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்காகச் சாயத்தொட்டியில் சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 100 கிராம் வரை உப்பு தேவைப்படும். பிறகு சோடா சாம்பல் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் சாயம் இழையில் பிணைகிறது.

இதில் முக்கியமானது, உப்பு செலவாவதே இல்லை என்பது. அது சாயத்தை இழையிடம் கொண்டு சேர்க்கும் வேலையை மட்டும் செய்துவிட்டு, போட்ட அளவு முழுவதும் நீரோடு வெளியேறுகிறது. ஒரு எளிய கணக்கு இதைக் காட்டும். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் சாய நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 500 கிராம் உப்பு. 150 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு 75 கிராம். ஒரு டன் துணிக்கு அரை டன். இந்த உப்பு அவ்வளவும் நாள்தோறும் பல நூறு பட்டறைகளிலிருந்து ஆற்றுக்குச் சென்றது.

இதோடு, இழையில் பிணையாமல் நீரிலேயே தங்கிவிடும் சாயம், சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் பவுடர் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு, சோப்பு, அமிலம், மென்மையூட்டிகள் ஆகியனவும் கழிவில் கலக்கின்றன. துணியைப் பலமுறை அலச வேண்டியிருப்பதால் நீரின் அளவும் மிகுதி. பழைய விஞ்ச் இயந்திரங்கள், பின்னர் வந்த சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களைவிட அதிக நீரையும், அதனால் அதிக உப்பையும் எடுத்துக்கொண்டன.

முதல் அறிகுறிகள்

திருப்பூர் வட்டாரத்தில் பேச்சு வழக்கில் தண்ணீர் இரு வகைப்படும்: குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணீர். கிணற்று நீர் சற்றுச் சப்பையாக இருப்பது இந்தக் கடினப் பாறைப் பகுதிக்குப் புதிதன்று. ஆகவே நீர் கெடத் தொடங்கியபோது அது உடனே அபாயமாகத் தோன்றவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புத் தண்ணீர்க் கிணறுகளாயின. பிறகு அந்த உப்புத் தண்ணீர் துவைக்கவும் உதவாமல் போனது.

இங்கே நிலத்தடி நீர், பாறையின் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறைப் பிளவுகளிலும் தங்குகிறது. ஆற்றிலும் குளத்திலும் நிற்கும் நீர் மெல்லக் கசிந்து இந்த அடுக்கில் இறங்கும். கழிவுநீர் கசிந்தபோது உப்பும் உடன் இறங்கியது. மேலே ஓடும் நீரை ஒரு பெருமழை கழுவிச் சென்றுவிடும். பாறைப் பிளவுக்குள் சென்ற உப்பைக் கழுவப் பல ஆண்டுகளின் மழை வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு, அதாவது வழக்கில் டி.டி.எஸ். எனப்படுவது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு இந்த எல்லைகள் முறையே 250, 1,000 மில்லிகிராம். ஆற்றில் விடப்படும் தொழிற்கழிவுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த டி.டி.எஸ். எல்லை 2,100 மில்லிகிராம். சாயத்தொட்டியிலிருந்து நேரே இறங்கும் நீரில் உப்பு மட்டுமே லிட்டருக்குப் பல்லாயிரம் மில்லிகிராம் இருக்கும் என்பதை மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டால் இடைவெளி விளங்கும்.

ஒரத்துப்பாளையம் அணை

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. 1984-ல் பணி தொடங்கி 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வெள்ள நீரைத் தேக்கி, ஈரோடு, கரூர் பகுதிகளில் சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது நோக்கம். கீழே கரூர் மாவட்டத்தில் ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கமும் இதே பாசனத் திட்டத்தைச் சேர்ந்தது.

அணை திறந்த காலமும் சாயப்பட்டறைகள் பெருகிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. வெள்ளத்தைத் தேக்கக் கட்டிய அணையில் தேங்கியது கழிவுநீர். வெயிலில் நீர் ஆவியாக, உப்பின் அடர்த்தி மேலும் ஏறியது. அணையைச் சுற்றியிருந்த ஊர்களின் கிணறுகளுக்குள் உப்பு கசிந்தது. அணையைத் திறந்தால் கீழே உள்ள வயல்கள் கெடும். திறக்காவிட்டால் அணையோர ஊர்களின் கிணறுகள் கெடும். பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரைத் தங்கள் வயலுக்கு விட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையைக் காலிசெய்து தூய்மைப்படுத்துவதும், தொடர்ந்து நீரைத் தேக்காமல் விடுவதும் பின்னர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்த விவகாரங்கள்.

உணவில் நேர்ந்தது

உப்பு நீர் பாய்ந்த நிலத்தில் இரண்டு வகைக் கேடுகள் நிகழ்கின்றன. முதலாவது, பயிர் தாகத்தால் வாடுவது. மண்ணில் உள்ள நீரில் உப்பின் அடர்த்தி கூடினால், வேரால் அந்த நீரை உறிஞ்ச முடிவதில்லை. வயலில் ஈரம் இருந்தும் பயிர் வறட்சியில் நிற்பதுபோல வாடும். முளைப்பு குறையும், இலையோரம் கருகும், காய் சிறுக்கும்.

எல்லாப் பயிர்களும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண் கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டு இதை அளப்பர். மீட்டருக்கு ஒரு டெசிசீமன் என்பது ஏறக்குறைய லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்புக்குச் சமம். பீன்ஸ் இந்த அளவுகோலில் 1.0-ஐத் தாண்டினாலே விளைச்சலில் குறைகிறது. வெங்காயத்துக்கு எல்லை 1.2, நெல்லுக்கு 3.0. பருத்தியோ 7.7 வரை தாங்கும். சாயத்தின் உப்பு வயலுக்கு வந்தபோது முதலில் அடிபட்டவை சமையலறைக்குப் போகும் பயிர்கள் என்பதையும், ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடியது பருத்திதான் என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. பல இடங்களில் விவசாயிகள் உணவுப் பயிரை விட்டு, உப்பைத் தாங்கும் தென்னைக்கும் தீவனப் பயிருக்கும் மாறினர். சிலர் நிலத்தைத் தரிசாக விட்டனர்.

இரண்டாவது கேடு மண்ணுக்கு. களிமண் துகள்களில் கால்சியம் ஒட்டியிருக்கும்போது மண் பொலபொலப்பாக இருக்கும். நீரில் சோடியம் மிகுந்தால் அது கால்சியத்தை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. அப்போது துகள்கள் பிரிந்து சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை என்னும்படி மண் இறுகும். நீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. இதைச் சீராக்க ஜிப்சம் இடுவது வழக்கம். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவ நல்ல நீர் வேண்டும். நல்ல நீர் இல்லாத இடத்தில் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை.

கால்நடைகளும் இந்நீரையே குடித்தன. குடிநீரில் உப்பு மிகுந்தால் மாடுகள் நீர் குடிப்பதையும் தீனி எடுப்பதையும் குறைத்துக்கொள்ளும், பால் குறையும். கொங்குப் பகுதியில் சிறு விவசாயியின் அன்றாட வருமானம் பாலில் இருந்து வருவது. ஆகவே கிணறு கெட்டதன் விளைவு, பயிர் அறுவடைக்கு முன்பே வீட்டுக் கணக்கில் தெரிந்தது.

சாயங்களைப் பொறுத்தவரை வேறொரு கவலையும் உண்டு. அசோ வகைச் சாயங்களில் சில, சிதையும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களைத் தரும். அத்தகைய சாயமிட்ட ஆடைகளுக்கு ஜெர்மனி 1994-ல் தடை விதித்தது. இந்தியாவும் 1997-ல் அத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. ஏற்றுமதிச் சந்தையை நம்பிய திருப்பூர் இந்தத் தடைக்கு விரைவாக இணங்கியது. ஆடையை அணிபவரின் தோலைக் காக்கும் விதியை வாங்குபவர் கேட்டார். ஆடை சாயமேறிய ஊரின் கிணற்றைக் காக்கும் விதியை அப்போது எந்த வாங்குபவரும் கேட்கவில்லை.

முதல் தீர்வு ஏன் தோற்றது

1996-ல் கரூர் வட்ட நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்காத பட்டறைகள் இயங்கக்கூடாது என்ற நிலை 1998-ல் ஏற்பட்டது. அதையொட்டித் தனிச் சுத்திகரிப்பு நிலையங்களும், பல பட்டறைகள் சேர்ந்து அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன.

ஆனால் அவை செய்தது பாதி வேலை. கழிவுநீரில் சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் சேர்த்தால் சாயம் திரண்டு அடியில் படியும். மேலே நிற்கும் நீர் தெளிவாகத் தெரியும். நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவையும் குறைக்கலாம். ஆனால் கரைந்துள்ள சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் இம்முறைகளில் போவதில்லை. சேர்க்கும் வேதிப்பொருள்களால் கரைபொருள் சற்றுக் கூடவும் வாய்ப்புண்டு. பல கோடி ரூபாய் செலவிட்டபின் ஆற்றில் விடப்பட்டது நிறம் குறைந்த உப்பு நீர். நிறம் போனதால் சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றியது. கிணறுகளின் உப்போ குறையவில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் பாதிப்பையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, 2002 முதல் 2004 வரையான காலத்துக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. மொத்தத் தொகையை விவசாயிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவு.

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 சூலை 31-க்குள் பட்டறைகள் கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் தொகையைச் செலுத்த வேண்டும். பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடமையை உறுதிசெய்து, மேலும் மூன்று மாதங்கள் மட்டுமே அவகாசம் தந்தது.

அவகாசம் முடிந்தும் வெளியேற்றம் நிற்காததால் நீதிமன்ற அவமதிப்பு மனு வந்தது. 2011 சனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றதால் பின்னலும் தையலும் தடுமாறின. துணி வேறு மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் சாயத்துக்கு அனுப்பப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினர். நீதி கேட்ட விவசாயிக்கும் வேலை இழந்த தொழிலாளிக்கும் இடையே பகை இல்லை. உப்புக்கான செலவை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டதன் சுமை முதலில் விவசாயி மீதும், பிறகு தொழிலாளி மீதும் விழுந்தது.

மூடிய சுழற்சி

கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறையில், நீர் பட்டறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கழிவுநீரிலிருந்து முதலில் கரிமப் பொருளும் நிறமும் நீக்கப்படுகின்றன. பிறகு ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில், அழுத்தத்தால் நீர் மெல்லிய சவ்வின் வழியே தள்ளப்படுகிறது. நல்ல நீர் ஒரு பக்கம் வர, உப்பு அனைத்தும் மிஞ்சும் சிறு அளவு நீரில் செறிந்து நிற்கிறது. நல்ல நீர் மீண்டும் சாயத்துக்குப் போகிறது.

கடினமான பகுதி அந்தச் செறிந்த உப்பு நீர்தான். அதைப் பல படிநிலை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பாக்குவதற்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும். அப்படிக் கிடைப்பதும் குளோரைடும் சல்பேட்டும் கலந்த உப்பு. அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் மூட்டைகளாக அடுக்கிவைக்க நேர்ந்தது. இதற்குக் கைகொடுத்தவை இரண்டு மாற்றங்கள். ஒன்று, சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்துவது. இது சுமார் 32 பாகை செல்சியசில் நீரில் மிகுதியாகக் கரையும். குளிர்வித்தால் கரைதிறன் வெகுவாகக் குறைந்து படிகமாகப் பிரியும். ஆகவே காய்ச்சாமல் குளிர்வித்தே அதைத் தூய உப்பாக மீட்கலாம். மற்றொன்று, தூய்மையாக்கிய உப்பு நீரை உப்பாக மாற்றாமல் அப்படியே அடுத்த சாயத்தொட்டிக்கு அனுப்புவது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இம்முறை செய்து காட்டப்பட்டு, பிற நிலையங்களுக்குப் பரவியது. தமிழ்நாடு அரசு 2011-ல் இந்நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சோதனை ஓட்டங்களுக்குப் பின் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

விண்வெளி நிலையத்தில் இதே சிக்கல்

இதே வகை மூடிய சுழற்சியில்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் குடிநீரும் உள்ளது. 2008-ல் அங்கு நிறுவிய நீர் மீட்பு அமைப்பு, வீரர்களின் வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றைக் குடிநீராக்குகிறது. அங்கும் எதிர்பாராத தொல்லை உப்பிலிருந்தே வந்தது. எடையற்ற நிலையில் எலும்புகள் கால்சியத்தை இழப்பதால் சிறுநீரில் அது கூடுகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு இணைந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்து, வடித்தெடுக்கும் கருவியை அடைத்தது. பின்னர் கந்தக அமிலத்தை நீக்கிப் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாற வேண்டியிருந்தது. திருப்பூர் ஒரு உப்பை விட்டு இன்னொரு உப்புக்கு மாறியதை இது ஒத்திருக்கிறது.

2010-ல் அந்த நீரில் மொத்தக் கரிமக் கார்பனின் அளவு மெல்ல ஏறத் தொடங்கியது. இதைக் காட்டியது நாக்கன்று, கருவி. பூமிக்குக் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, அது டைமெத்தில்சிலேன்டையால் என்னும் சேர்மம் என்று தெரிந்தது. கலத்துக்குள் பயன்படும் பூச்சுகள், மசகுப் பொருள்கள், உடல் பராமரிப்புப் பொருள்கள் ஆகியவற்றின் சிலிக்கோன் சேர்மங்கள் காற்றில் கலந்து, சிதைந்து, நீருக்கு வந்திருந்தன. மூடிய கலத்தில் எதைப் பயன்படுத்தினாலும் அது ஒரு நாள் குடிநீரில் வந்து நிற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. மிஞ்சும் செறிந்த கழிவிலிருந்தும் நீரைப் பிரிக்கும் கருவி சேர்ந்தபின், 2023-ல் அந்த நிலையம் 98 சதவீத நீரை மீட்டது. கடைசிச் சில சதவீதமே கடினமானது என்பதில் இரு இடங்களும் ஒன்று.

வேறுபாடும் உண்டு. விண்வெளி நிலையத்தில் நீரைக் கெடுப்பவரும் குடிப்பவரும் ஒருவரே. ஆகவே கண்காணிப்பு தளர்வதில்லை. நொய்யலில் கெடுத்தவர் மேலே இருந்தார், குடித்தவர் கீழே இருந்தார்.

குடிநீருக்கான மாற்று வழி

திருப்பூரின் குடிநீர் முன்பு மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து வந்தது. 1995-ல் அமைந்த புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம், பவானி நகருக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றியது. அரசும் தனியாரும் சேர்ந்த இந்தத் திட்டம் 2005-ல் செயல்பாட்டுக்கு வந்து, தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் நீர் தருகிறது. காவிரியின் மேற்பகுதியில் எடுத்த நீர் திருப்பூரில் பயன்பட்டு, மீதி நொய்யல் வழியே காவிரியின் கீழ்ப்பகுதிக்கே திரும்புகிறது. திருப்பூர் என்ன சேர்த்து அனுப்புகிறதோ, அது கீழேயுள்ள கரூர், திருச்சிராப்பள்ளி மக்களின் ஆற்றில் போய்ச் சேரும்.

குழாய் நீர் எட்டாத இடங்களில் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீருமே வழி. வாடகைக் காம்பவுண்டு வீடுகளில் வாழும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்களின் செலவில் நல்ல தண்ணீர் ஒரு நிலையான பகுதியாகிவிட்டது.

நீரைச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

நிறமின்மை தூய்மையின் அடையாளமன்று. உப்பும் பல வேதிப்பொருள்களும் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

காய்ச்சினால் கிருமிகள் சாகும், உப்பு குறையாது. நீர் ஆவியாவதால் எஞ்சிய நீரில் உப்பு சற்றுக் கூடவே செய்யும்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கரைபொருளின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடும். அது எந்த உப்பு என்பதையோ, சாயம், உலோகம், கிருமி உள்ளனவா என்பதையோ சொல்லாது. அவற்றுக்கு ஆய்வகச் சோதனை தேவை.

பாசன நீருக்கு உப்பின் மொத்த அளவோடு, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டுச் சோடியத்தின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். மண் இறுகுமா என்பதைக் காட்டுவது இந்த விகிதமே.

ஒரு முறை சோதித்த முடிவு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. மழைக்குப் பின் குறையும் உப்பு கோடையில் ஏறும். ஒரே கிணற்றை ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் சோதித்துக் குறித்துவைப்பதே மாற்றத்தைக் காட்டும்.

இன்றைய நிலை

திருப்பூரில் இப்போது 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், தனிச் சுத்திகரிப்பு நிலையம் கொண்ட பட்டறைகளும் மூடிய சுழற்சியில் இயங்குகின்றன. சாயமேற்றும் செலவு கூடினாலும் பின்னலாடை ஏற்றுமதி அழிந்துவிடவில்லை. இந்த முறையே இப்போது வெளிநாட்டு வாங்குபவர்களிடம் எடுத்துச் சொல்லும் சிறப்பாகவும் ஆகியுள்ளது.

சிக்கல் முழுதும் தீரவில்லை. மழை நாட்களில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் திறந்துவிடப்படுவது பற்றிய புகார்கள் தொடர்கின்றன. கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களின் சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரும் நொய்யலில் கலக்கிறது. ஆற்றில் அவ்வப்போது எழும் நுரையில் அதற்கும் பங்குண்டு. ஆவியாக்கிகளில் கிடைத்த கலப்பு உப்பையும் சகதியையும் பாதுகாப்பாக அகற்றுவது தனி வேலையாக நிற்கிறது. அதைவிட மெதுவானது நிலத்தடி நீரின் மீட்சி. ஆற்றில் கழிவு விடுவதை ஒரு ஆணையால் ஒரே நாளில் நிறுத்த முடிந்தது. பாறைப் பிளவுகளுக்குள் இருபது ஆண்டுகள் இறங்கிய உப்பு, மழை பெய்து நல்ல நீர் ஊறும் அளவுக்கே குறைந்துவருகிறது.